இருபதடிப் பயணம்

சாவியைத் திருப்பினான் ரங்கராஜன். கார் இழுத்து இழுத்துச் சுற்றியது, பற்றவில்லை. சோக்கை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்தான். ஆக்ஸிலேட்டரை நாலு தடவை மிதித்தான். மறுபடி திருப்பினான். பெட்ரோல் வாடைதான் வந்தது. பின் சீட்டில் சியாமளா இரண்டு கைகளையும் அடிவயிற்றில் கோத்துக்கொண்டு, அசையாமல், நேராக உட்கார்ந்திருந்தாள். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து முடித்திருந்தாள். பத்து மணிக்கு விமான் நகர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கரு வைக்கப் போகிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். இது மூன்றாவது முறை. இதற்கு மேல் உடம்பு தாங்காது, முயல வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். இப்போது மணி எட்டே முக்கால்.

காலை ஏழு பத்துக்கு இதே கார் சமர்த்தாகப் புறப்பட்டது. ரங்கராஜன் சிஞ்ச்வட்டில் பிஸ்டன் ரிங் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகன். ரிஜெக்ட் ஆன இரண்டு ரிங்குகளுக்கும் பொதுவான காரணம் என்ன என்று தேடுவது அவன் தொழில். முதல் இரண்டு முறை தோற்றதற்கும் அப்படித்தான் தேடினான். அவள் ரிப்போர்ட் சரி, அவன் ரிப்போர்ட்டும் சரி. மிச்சமிருந்தது, இரண்டு தடவையும் ராகு காலத்தில் புறப்பட்டது ஒன்றுதான். இன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பது வரைக்கும் ராகு காலம். ஊர்ப் பக்கம், நல்ல நேரத்தில் பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அவன் ஆஸ்பத்திரி ஃபைலை சீட்டில் வைத்து, காரையே அடுக்குமாடிச் சொசைட்டியின் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினான். இருபதடி. இன்ஜினை அணைத்துவிட்டு, நிம்மதியாக மேலே போய்க் குளித்தான்.

"ஏன்னா, ஆட்டோ கூப்பிடுங்கோ."

"ஆட்டோவா? இந்த ரோட்டுல குலுக்கி எடுத்துடுவான்."

"போறச்சே குலுங்கினா என்ன? இப்போ உள்ள ஒண்ணும் இல்லையே. வரச்சேதான் கார் வேணும்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியையே திருப்பிக்கொண்டிருந்தான். சத்தம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைத்தது.

எதிர் மைதானத்தில் சிரிப்புப் பயிற்சி செய்துகொண்டிருந்த பெரியவர்கள் ஐந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சொசைட்டி செயலாளர் ஜோஷி பேட்டரி என்றார். இன்னொருவர் பெட்ரோல் பம்ப் என்றார். "மதராஸி காடி ஹை, ஃபில்டர் காஃபி டாலோ!" என்று மதராஸி வண்டிக்கு ஃபில்டர் காபி ஊற்றச் சொன்னார் மூன்றாமவர். எல்லோரும் சிரித்தார்கள். "பாபி உதர் ஜாயே தோ வஜன் கம் ஹோகா" என்று ஜோஷி எடை குறைய அவளை இறங்கச் சொன்னதும் சியாமளா இறங்கினாள். கால்களை ஒட்டி வைத்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்குப் போகிறார்கள் என்று சொசைட்டியில் ஒருவருக்கும் தெரியாது. தள்ளினார்கள். கார் உருண்டது, உதறியது, நின்றது.

வீட்டுக்கு ஒன்றாக இருந்த மொபைலில் லூர்துசாமியைக் கூப்பிட்டான். கோர்படி ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் காரை அவன் வாங்கியது அவரிடம்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலையில ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி, ஒடனே ஆஃப் பண்ணீங்களா சார்?"

"ஆமா. கேட்டுக்கு வெளில கொண்டுவந்து நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"ராகு காலம்."

மறுமுனையில் இருமலும் சிரிப்புமாக வந்தது. "முப்பது வருசம் மிலிட்டரி வண்டி பாத்துருக்கேன், இப்பிடி ஒரு கம்ப்ளைன்ட்டு கேட்டதில்ல. சோக்கப் போட்டு, சூடேறுறதுக்குள்ள அணைச்சா பெட்ரோலு பிளக்க நனைச்சிரும் சார். அதுக்கு மேல நீங்க வேற மிதிச்சு மிதிச்சு ஊத்தியிருக்கீங்க. சோக்க உள்ள தள்ளுங்க. பதினஞ்சு நிமிசம் வண்டியத் தொடாதீங்க. அப்புறம் ஆக்ஸிலேட்டர அடி வரைக்கும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டுத் திருப்புங்க. புடிச்சிட்டா கால எடுத்துராதீங்க. அணைஞ்சா, இன்னொரு தரத்துக்கு பேட்டரி தாங்காது."

"பதினஞ்சு நிமிஷம் எல்லாம் என்னால முடியாது" என்றாள், அவன் சொன்னதைக் கேட்ட சியாமளா. வந்துகொண்டிருந்த ஆட்டோவை அவளே கை நீட்டி நிறுத்தினாள். "மொபைலைக் குடுங்கோ. அந்த ஃபைலையும்."

"நானும் வரேன்."

"நீங்களும் வந்துட்டா கார் எப்படி வரும்? என்னைத் திரும்பிக் கூட்டிண்டு வரணுமே." கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆட்டோ போனது. மைதானத்தில் பெரியவர்கள் கைகளை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து சிரிக்கத் தொடங்கினார்கள். அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ரிங்கையும் நுணுக்கமாக அளக்கிற கைகள் மடியில் கிடந்தன.

பதினாறாவது நிமிடம் மிதியை அடிவரை அழுத்தித் திருப்பினான். இரண்டு சுற்று. மூன்று. ஒரு செருமல், கரும்புகை, பிறகு இன்ஜின் அலறியது. அலறலோடே கிளம்பினான். நெடுஞ்சாலையைப் பாதி தோண்டிப் போட்டிருந்தார்கள். கியர் மாற்றும்போதெல்லாம் இன்ஜின் விக்கியது. மிதியை விடவே பயமாக இருந்தது.

வழியில் தாபோடி பாலத்துக்கு முன் வண்டிகள் எல்லாம் நின்றிருந்தன. ஒன்பதே முக்கால். பத்துப் பன்னிரண்டு வண்டிகளுக்கு முன்னால், பக்கத்து வரிசையில் ஓர் ஆட்டோ. அதன் ஓரத்தில் அவள் பச்சைப் புடவையின் தலைப்பு. ஹாரன் அடித்தான். எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அவள் பக்கத்தில் நிற்கலாம். முப்பது தப்படிகூட இருக்காது. கதவைத் திறந்து உடம்பை வெளியே சாய்த்தான். மிதியில் வலது காலைத் தளர்த்தியதும் இன்ஜின் விக்கி, குரல் தாழ்ந்தது. சட்டென்று உள்ளே வந்து அழுத்தினான்.

ஆட்டோ வரிசை அசைந்தது. அவனுடையது அசையவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும் முன் அவள் மேல் கம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையை வயிற்றில் வைத்து, சீட்டிலிருந்து தன் உடம்பைத் தானே தூக்கிக்கொள்வது தெரிந்தது. இறங்கியது. மறுபடி தூக்கிக்கொண்டாள். ஒரு பஸ் நடுவே வந்து நின்றது.