ஒரு பொட்டுத் தோல்

ராசிபுரத்தில் சேந்தமங்கலம் பஸ் ஏறும்போதே கோகிலவாணி முடிவு பண்ணிவிட்டாள். "கொஞ்சம் தோல் நிக்கும்" என்ற மூணு வார்த்தையை அந்த மனுசன் வாயிலிருந்து வாங்காமல் வீடு திரும்புவதில்லை.

அந்த மனுசன் பேர் அன்பரசு. லேத்துப் பட்டறைக்காரர். ஜவ்வரிசி பண்ணுகிற சேகோ பேக்டரிகளுக்கு, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் தோலை உரிக்கிற மிஷின் செய்கிறவர். அவர் செய்த முதல் மிஷினைச் சுற்றுவட்டாரத்தில் ஆளாளுக்குக் காப்பியடித்து விற்றுத் தள்ளினார்கள், இவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வயித்தெரிச்சலில்தான் புது மிஷினுக்குப் பேட்டன்ட் போட்டார். கொலம்பியாவிலும் இதே கிழங்குதான், இதே மாவுதான் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டார். இங்கிலீஷ் மனுவை ஸ்பானிஷில் மாற்றுகிற வேலை சென்னை ஆபீஸ் ஒன்றின் வழியாகக் கோகிலவாணியிடம் வந்தது. அவள் பெங்களூரில் வருசக்கணக்காக ஸ்பானிஷ் பேசிச் சம்பளம் வாங்கியவள். இப்போது ராசிபுரத்தில் வீட்டிலிருந்தே பேட்டன்ட் மட்டும் மொழிபெயர்க்கிறாள்.

சனியன் ஒரே ஒரு வார்த்தையில் வந்து உட்கார்ந்தது. மிஷின் கிழங்குத் தோலை 'சப்ஸ்டான்ஷியலி' எடுத்துவிடும் என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்கள். வக்கீல்களுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அது. ஏறக்குறைய முழுசும் என்றும் சொல்லலாம், பெரும்பகுதி என்றும் சொல்லலாம், யாராவது கேட்டால் நழுவியும் கொள்ளலாம். கொலம்பியா வக்கீல் நழுவ விடவில்லை, எவ்வளவு தோல் என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்றார். சென்னை மேனேஜர் அன்பரசுவுக்குப் போன் போட்டார். அவரோ யோசிக்கவே இல்லை. "முழுசாப் போயிருமுங்க சார், ஒரு பொட்டு நிக்காது!"

முழுசும் என்று மாற்றி, மொழிபெயர்ப்பு சரி என்று கையெழுத்துப் போட்டு, நாளைக்குள் அனுப்பச் சொல்லிக் கோகிலவாணிக்கு உத்தரவு வந்தது. முடியாது என்றாள். கிழங்கின் குழியிலும் நுனியிலும் கொஞ்சம் தோல் தங்கும் என்று அதே மனுவில் பின்னால் எழுதியிருக்கிறதே! மேனேஜர் அலுத்துக்கொண்டார். "கண்டுபிடிச்சவரே சொல்றாரும்மா. வேணும்னா அவரையே மாத்திச் சொல்லச் சொல்லுங்க."

சொல்ல வைக்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். அந்த ஆள் இரண்டாம் தடவையும் ஏமாந்து நிற்பதற்குத் தன் கையெழுத்து ஒரு காரணமாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு.

சேந்தமங்கலத்தில் இறங்கிப் பட்டறை வாசலுக்கு வந்து நின்றாள். தகர போர்டில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: 'ஒரு பொட்டுத் தோல் நிக்காது'. இந்த லட்சணத்தில், மிஷினை ஓட்டிப் பார்த்து வாங்க ஆத்தூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"அண்ணா, கொஞ்சம் தனியாப் பேசோணுமுங்க."

"தனியா என்ன அம்மிணி? நம்ம ஆளுகதான், இங்கயே சொல்லு."

சொன்னாள். அன்பரசுவின் முகம் கறுத்தது. விலை பேச வந்தவர்கள் முன்னால் பேசுகிற பேச்சா இது! "எம்பட மிஷினப் பத்தி எனக்குத் தெரியாதா? எழுதச் சொன்னத எழுதிட்டுப் போ."

கோகிலவாணி மிஷினிலிருந்து வந்து விழுந்த கிழங்கு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். குழியில் கொஞ்சம் தோல் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய மனுசன், கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

அவள் விடுவதாக இல்லை. "சரிங்கண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது உங்க மிஷினில்ல, வேற எவனோடதோன்னு வெச்சுக்குங்க. தோலை முழுசும் எடுக்கிற மிஷினுன்னு அவன் பேட்டன்ட் வாங்கியிருக்கான். நீங்க அதக் காப்பியடிக்கோணும், கேசும் வரக்கூடாது. என்ன பண்ணுவீங்க?"

லேத்துக்காரரிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்தவன் மிஷினைக் கண்ணால் பார்த்தாலே கை அரிக்கிற கூட்டம். அன்பரசுவுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இதென்ன பெரிய வேலையா? பிளேடை ஒரு நூல் தள்ளி வெச்சாத் தீந்துது. அங்கங்க கொஞ்சம் தோல் நிக்கும். 'ஐயா, அவனோடது முழுசா எடுக்கும், என்னோடது எடுக்காது, இது வேற மிஷினுங்க'ன்னு கோர்ட்டுல சொல்லிப்போட்டு, ராசாவாட்டம் வித்து..."

அப்போதுதான் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார். கட்டைவிரலை மெதுவாக எடுத்தார்.

"கொலம்பியாவுலயும் லேத்துப் பட்டறை இருக்குமுங்கண்ணா," என்றாள் கோகிலவாணி. "அதுவுமில்லாம, முழுசும்னு போட்டா அது உங்க மிஷினுக்கே பொருந்தாதுங்க."

அன்பரசு கிழங்கைக் கீழே வைத்தார். பிறகு ஆத்தூர்க்காரர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "சார், முழுசும்னு போட வேண்டாம். ஏறக்குறைய முழுசும்னு அம்மிணி எழுதித் தரும், அதையே அனுப்புங்க. ஆமாங்க... கொஞ்சம் தோல் நிக்கும்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கோகிலவாணிக்கே பாவமாக இருந்தது.

"அப்ப நிக்குமா?" என்றார் ஆத்தூர்க்காரரில் ஒருவர்.

"நிக்கும். அட, நிக்குமுன்னா நிக்கும்!"

யோசித்துச் சொல்வதாக அவர்கள் கிளம்பினார்கள். கிளம்புமுன் ஒருவர் செல்போனை நீட்டிப் பிளேடை நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா அம்மிணி, என்ன தைரியம்!"

"எடுக்கட்டும் விடுங்க. இங்கதான் ஏற்கெனவே பேட்டன்ட் போட்டிருக்கீங்களே. கொலம்பியாவுலயும் எவன் ஒரு நூல் தள்ளி வெச்சாலும் இனி அது உங்க மிஷினுதான்."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, அந்த வரியைச் சரிபார்த்து, கையெழுத்தோடு அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள். அன்பரசு வாசல் வரை கூட வந்தார். போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையும் மாத்தோணுமா?"

"அது தமிழுங்கண்ணா. தமிழுக்கு நான் கையெழுத்துப் போடலீங்க."

பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தாள். அன்பரசு ஸ்டூல் போட்டு ஏறி, உப்புத்தாளால் போர்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தேய்த்தும் முழுசாகப் போகவில்லை, அங்கங்கே கொஞ்சம் சிவப்பு நின்றது.