பத்து மங்கள வார்த்தைகளுக்குப் பிறகு

கடிதத்தை மகள் மேரின் இரண்டாம் தரம் வாசித்தபோதும் மரியரஞ்சனி சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக் கதிரையிலேயே இருந்தாள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் நின்ற கால்கள். அவளை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிக் கதைக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

நடந்தது இதுதான், பிள்ளைகளே. ஒக்டோபர், செபமாலை மாதம். நோர்வேயில் குரோருட், ரொம்சோஸ் பகுதிகளில் உள்ள தமிழ்ப் பெண்களுக்கு ஒன்றுகூட நேரம் வாய்ப்பதில்லை. அதனால் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்குப் பத்துத் தரம் 'மங்கள வார்த்தை' என்ற மாதா செபத்தைக் குரலில் பதிந்து அனுப்புவார்கள். முந்திய வாரம் செவ்வாய்க்கிழமை இவளுடைய முறை. செபித்து முடித்தவள் பதிவை நிறுத்த மறந்து, கோப்பை கழுவிக்கொண்டே கணவர் அருட்செல்வத்திடம் தன் மேற்பார்வையாளரைப் பற்றிச் சொன்னாள்.

"உந்தச் சூசைரட்ணம் காய்ச்சலோடை கிடந்த எங்கடை வேலையிடத்து இந்துஜாவைப் போன் அடிச்சு வேலைக்குக் கூப்பிட்டவர். பெட்டை மெசினடியிலை விழுந்திட்டுது. ஆருக்கும் சொல்லக்கூடாதாம்."

பிறகு வந்து அப்படியே அனுப்பிவிட்டாள். அந்தக் குழுவில் சூசைரட்ணத்தின் மனைவி ஞானமலரும் இருந்தாள். பதிவு அவர் கைக்குப் போனது; மேற்பார்வையாளரைப் பற்றிப் பொய் பரப்பினாள் என்று கடிதம் வந்தது.

"செபத்தோடை நிப்பாட்டியிருந்தால் மோட்சம். இப்ப வேலையில்லாதவைக்குக் காசு குடுக்கிற நாவ் கந்தோர்தான்" என்றார் அருட்செல்வம். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இஞ்சை நினைச்ச உடனை ஆளை நிப்பாட்டேலாது அம்மா. எங்கடை குசினியிலை கதைச்சது எப்பிடி ஜொப் விஷயமாகும்? நானும் வாறன்" என்றாள் மேரின்.

புதன்கிழமை ஞானமலர் அழைத்தாள். "அக்கா, கோவத்திலை பொய் சொல்லிப்போட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எல்லாம் முடிஞ்சிடும்."

ஒரு சொல். இருந்த களைப்பில் ஓம் என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம். ஆனால் பொய் என்றால், இந்துஜா விழவேயில்லை என்றாகிவிடும். "நாளைக்குக் கதைப்பம்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் நோர்வேக்கார மேலாளர் பதிவைக் கேட்க விரும்பினார். சூசைரட்ணம் போனில் கடைசிப் பகுதிக்கு விரலைக் கொண்டுபோனார்.

"முதலிலையிருந்து போடுங்கோ, அண்ணை" என்றாள் மரியரஞ்சனி.

அவருடைய விரல் நின்றது. செபத்தை வெட்டிவிட அவருக்கும் மனம் வரவில்லைப் போலும். அவளுடைய குரல் அறையை நிரப்பியது. மொழி விளங்காத மேலாளர் பொறுமையாகக் கைகளைக் கோத்துக்கொண்டார். நான்காவது மங்கள வார்த்தையில் சூசைரட்ணத்தின் உதடுகள் பழக்கத்தில் அசையத் தொடங்கின. பத்தும் முடிய, குழாய்த் தண்ணீர்ச் சத்தம். பிறகு களைத்த அந்தக் குரல், இந்துஜாவின் பெயரைச் சொல்லிற்று.

"என்ன சொல்கிறார்?" என்று மேலாளர் நோர்வே மொழியில் கேட்டார்.

மேரின் வாயைத் திறந்தாள். மரியரஞ்சனி அவள் கையில் தன் கையை வைத்தாள்.

"பொறு பிள்ளை. அண்ணை சொல்லட்டும்."

மேசையில் கிடந்த போனில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சூசைரட்ணத்தின் கை நீளவில்லை.