தலைவரின் உறவினர்கள் என் பொறுப்பில்

எங்கள் நகராட்சியில் ஒருவர் தலைவராகப் பதவியேற்றால், பதவிக்காலம் முடியும்வரை அவருடைய உறவினர்கள் என் பொறுப்பில் இருப்பார்கள். சொந்த நலனும் பொது நலனும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. தலைவரின் நிலம், கடை, வாடகை வீடு போன்றவற்றைப் பக்கத்து மேசைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார். உறவுகளை நான் வாங்கிக்கொள்வேன்.

குமுதவல்லி பதவியேற்ற அன்று, நகராட்சி அலுவலக வாசலில் வைத்துக் கைமாற்றினோம். கணவர் தண்டபாணி, அப்பா வேதாசலம், தம்பி குலோத்துங்கன் மூவரும் வந்திருந்தார்கள். குமுதவல்லி ஒவ்வொருவரையும் தோளில் தொட்டு என் பக்கமாக நகர்த்தினார். அப்பாவின் முறை வந்தபோது, "மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்" என்றார். பெரியவரைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் கைமாற்றம் முடிந்திருந்ததால் அதுதான் முறை.

அன்றிலிருந்து நான் வேதாசலத்தின் மகள், தண்டபாணியின் மனைவி, குலோத்துங்கனின் அக்கா. குமுதவல்லிக்கு அவர்கள் மூவரும் பொதுமக்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் கேட்கக் கூடாது, கேட்டாலும் நான் சொல்லக் கூடாது.

எனக்கு முன்பு இவ்வளவு பேர் இருந்ததில்லை. நான் தனிக்கட்டை. முந்தைய தலைவர் ஒப்படைத்தது ஒரே ஒரு மைத்துனர், அவரும் துபாயில் இருந்தார். இப்போது உட்கார நேரமில்லை. சாப்பிடும்போது போன் அடிக்கும், குளிக்கும்போது கதவைத் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டபாணி வந்து, "இந்த வீட்ல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கா?" என்று கத்திவிட்டுப் போவார். நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைப்பேன். அவருக்கு அது திருப்தியாக இருந்ததாகத்தான் நினைக்கிறேன். மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

குலோத்துங்கனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "அக்கா, நீ வந்து தொட்டில்ல போட்டாத்தான் ஆச்சு. அத்தை இல்லாம பேர் வைக்க முடியுமா?" என்றான். போனேன். குழந்தையைத் தொட்டிலில் போட்டு, காதில் மகிழினி, மகிழினி, மகிழினி என்று சொன்னேன். அது என் மீசையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்றார்கள்.

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். படிக்கட்டில் தலைவர் எதிரே வந்தார்.

"உங்க சட்டையில சந்தனம் இருக்கு."

"இருக்குங்க மேடம்."

"நல்ல காரியமா?"

"சொல்லக் கூடாதுங்க."

அவர் தலையசைத்தார். ஆனால் போகவில்லை. என் சட்டையிலிருந்த அந்த மஞ்சள் கறையைப் பார்த்தபடி ஒரு படி கீழே இறங்கினார், மறுபடி ஏறினார். பிறகுதான் போனார். விசேஷங்களுக்குப் போய்வந்தால் சட்டையை மாற்றிக்கொண்டுதான் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று அன்றே எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

மூவரில் வேதாசலத்திடம்தான் எனக்கு மனம் ஒட்டியது. அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கொல்லர் தெருவில் தனியாக இருந்தார். கண்ணயர்ந்தால் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்வார், இறங்க வேண்டியவர்களை முன்னால் வரச் சொல்வார். நான் சாயங்காலம் போய் மாத்திரை கொடுப்பேன். "ஏன் பாப்பா இப்படி இளைச்சுட்டே?" என்பார். எனக்குத் தொப்பை உண்டு. இருந்தாலும் அவர் கேட்ட பிறகு உண்மையிலேயே இளைத்துவிட்டது போல இருக்கும். யாரோ ஒருவர் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புதிது.

மழைக்காலம் நெருங்கும்போது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு என்னிடம், "நீங்க பொண்ணுதானே? மறுபடி வலிச்சா ஒரு நிமிஷம் வீட்ல வெச்சுக்கக் கூடாது, நேரா தூக்கிட்டு வந்துடுங்க" என்றார். சரி என்றேன்.

அந்த வாரம் நகராட்சிக் கூட்டத்தில் கொல்லர் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் தோண்டுவது பற்றிய பேச்சு வந்தது. நான் வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போன மழையில் சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு வாந்திபேதி என்று வார்டு உறுப்பினர் சொன்னார். பொறியாளர் எழுந்து, தோண்டினால் வேலை முடியும்வரை தெருவுக்குள் எந்த வண்டியும் போக முடியாது என்றார்.

ஒரு விஷயத்தில் சொந்த நலன் உள்ளவர் அது பேசப்படும்போது அவையில் இருக்கக் கூடாது. எனக்கு அந்தத் தெருவில் அப்பா இருந்தார். எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. தலைவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கதவு வரை நடந்து, வெளியே போய், கதவைச் சாத்தும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

நடைபாதையில் நின்றேன். உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தலைவரின் குரல் வந்தது.

"மழைக்கு முன்னாடி முடிச்சாகணும். நாளைக்கே ஆரம்பிங்க."

கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"நீங்க ஏன் எழுந்து போனீங்க?"

"சொல்லக் கூடாதுங்க மேடம்."

"தண்ணி குடிக்கப் போனீங்களா?"

"சொல்லக் கூடாதுங்க."

"தண்ணி குடிக்கத்தான் போயிருப்பீங்க" என்றார். பிறகு நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கத் தொடங்கினார். நான் வீட்டுக்குக் கிளம்பியபோதும் நடந்துகொண்டிருந்தார்.

தெருவைத் தோண்டினார்கள். ஆழமான பள்ளம், வீட்டுக்கு வீடு ஒரு பலகை. பெரியவரை என் வீட்டுக்கு அழைத்தேன். "என் வீட்டை விட்டுட்டு மக வீட்ல போய் உட்காரவா?" என்று மறுத்துவிட்டார். ஒரு மத்தியானம், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவர் சோற்றில் கை வைத்தபடியே சாய்ந்தார். குலோத்துங்கனைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பலகையில் கால் வைத்தோம்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தலைவர் நின்றிருந்தார். வேலையைப் பார்வையிட வந்திருந்தார். எங்களைப் பார்த்தார். பலகை நடுவில் வளைந்தது. குலோத்துங்கனின் செருப்பு நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. தலைவர் குனிந்து, நாற்காலியின் முன்காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். "பெரியவரைப் பார்த்துத் தூக்குங்க" என்றார். எந்தப் பெரியவராக இருந்தாலும் ஒரு நகராட்சித் தலைவர் அப்படிப் பிடித்திருப்பார், அப்படிச் சொல்லியிருப்பார். அந்தப் பிடியில் அதற்குமேல் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பார்த்தேன். விரல்கள் வெளுத்திருந்தன. நாற்காலி கனம்தான்.

வேதாசலம் அவரை நோக்கிக் கைகூப்பினார். "நல்லா இருங்கம்மா. நீங்க மகராசியா இருக்கணும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத பாப்பா" என்றார்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது பார்த்தேன். தலைவர் பொறியாளரிடம் பலகைகள் மெல்லியவை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாளே எல்லா வீட்டுக்கும் தடித்த பலகை போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சட்டையைத் திரும்பத் திரும்பத் துவைத்துப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். டெட்டால் வாசனை தலைவருக்குத் தெரியக் கூடாது. ஒருமுறை அருகில் வந்து நின்று, "ரொம்பத் துவைச்சிருக்கீங்க" என்றார். அவர் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேதாசலம் இறந்துபோனார். எங்கள் ஊரில் யார் இறந்தாலும் நகராட்சி சார்பில் ஒரு மாலை போகும். அவருக்கும் வந்தது. கொல்லர் தெருவில் வேதாசலம் என்ற ஒரு பெரியவர் காலமானார் என்பது தலைவருக்குத் தெரியும். அப்பா இறந்தது அவருக்குத் தெரியாது. குலோத்துங்கன் மொட்டை போட்டுக்கொண்டான். மகள்களுக்கு மொட்டை கிடையாது என்பதால் என் தலையைப் பார்த்தும் அவரால் எதையும் அறிந்துகொள்ள முடியவில்லை. மழை வந்தது. கொல்லர் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் நுழையவில்லை.

பதவிக்காலம் முடிந்த அன்று அதே வாசலில் எல்லோரையும் திருப்பிக் கொடுத்தேன். தண்டபாணி வந்திருந்தார். குலோத்துங்கன் வந்திருந்தான். மகிழினி நன்றாக நடக்கிற பிள்ளையாகியிருந்தாள். என் காலைக் கட்டிக்கொண்டு, "அத்தை, நான் போகல" என்றாள். பிரித்து எடுத்துக் கொடுத்தேன்.

குமுதவல்லி என் பின்னால் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

மற்றவர்களைக் காரில் ஏறச் சொன்னார். அவர் மட்டும் நின்றார்.

"நான் எப்படி அழுதேன்?" என்று கேட்டார்.

இப்போது சொல்லலாம். சொன்னேன். "முதல்ல அழலைங்க. வந்தவங்களுக்கு நாற்காலி பத்தலைன்னு அலைஞ்சுட்டு இருந்தீங்க. அப்புறம் கதவுக்குப் பின்னாடி அவரோட காக்கிச் சட்டை மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்துட்டீங்க. ரெண்டு பொம்பளைங்க பிடிச்சாங்க, அடங்கல. தூக்கும்போது குறுக்கே விழுந்தீங்க."

"சத்தமாவா?"

"தெருமுனை வரைக்கும் கேட்டுதுங்க."

அழுது ஓய்ந்தவர்கள் செய்வதுபோல் அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். காரில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வந்து சண்டை போடவில்லை. சாயங்காலமானால் கால்கள் தாமாகவே கொல்லர் தெருப் பக்கம் போயின. நான் அவற்றின் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

புதிய தலைவர் மாசிலாமணிக்கு உறவென்று ஒருவரும் இல்லை. பதவியேற்பு முடிந்ததும் எனக்கு வேலை இருக்காது என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒருவரைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.

"எனக்குன்னு இருக்கிறது இவர் ஒருத்தர்தான்" என்றார்.

மரவாடி வைத்து மரம் விற்கும் உலகநாதன். இருவருக்கும் சுவர்த் தகராறில் தொடங்கிய பகை; வெகுகாலமாக விட்டுப்போகாமல் நடந்து வந்தது. மாசிலாமணி அவரை உற்றுப் பார்த்தார். அவர் சட்டைக் காலரைப் பிடித்து ஒருமுறை குலுக்கிவிட்டு என் பக்கமாகத் தள்ளினார். "நல்லா பார்த்துக்கங்க" என்றார்.

உலகநாதன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்கதானா?"

"ஆமாங்க."

அவர் பக்கவாட்டில் காறித் துப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே என் ஜன்னலில் கல் வந்து விழுந்தது. கண்ணாடியைக் கூட்டி அள்ளிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரரிடம் மரவாடி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டேன், வழி சொன்னார். போகிற வழியில் கைக்கு அடக்கமாக ஒரு கல் கிடைத்தது.