பின்சீட்டில் ஆள் இருந்தால் வரும் சத்தம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. டயருக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் காதில் விழுந்தது. பழைய பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் மெக்கானிக்கிடம் சொன்னார்: “என் மனைவி உக்காந்தாத்தான் சத்தம் வருதுங்க.” பட்டறையே சிரித்தது. நானும்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “அந்தச் சத்தம் ஒரு...”

வேண்டாம். எதனோடாவது ஒப்பிட ஆரம்பித்தால் கதை நகராது. க்ரீச். அவ்வளவே.

இரண்டாவது தொடக்கம்: அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். (முதலில் வங்கி ஊழியராக்கியிருந்தேன். வங்கி ஊழியர் நேராகப் பட்டறைக்குப் போயிருப்பார், வம்பே வந்திருக்காது.) லிஃப்டில் சத்தம் என்று கூப்பிட்டால் அவர் செய்யும் முதல் வேலை, உள்ளே இருப்பவர்களை இறக்கிவிடுவது. பிறகு காலிப் பெட்டியில் தனியாக ஏறி இறங்கிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

இந்தப் பழைய பைக்கை வாங்கிய புதிதில், மனைவியை மருந்துக்கடை வேலைக்குக் கொண்டுவிடும் வழியில் சத்தம் வந்தது. தொழில் பழக்கம் விடுமா?

“கொஞ்சம் இறங்கேன்.”

சாப்பாட்டுப் பையோடு அவள் சாலையோரம் நின்றாள். அவர் தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு, வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

“நீ இல்லன்னா சத்தமே இல்ல!”

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போகிறாள்.

3

இதற்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அவளிடமே கேட்டேன். (பாத்திரங்களிடம் கேட்கலாம். பதில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.)

“என்னாலதான் சத்தம்னு சொன்னதுகூடப் பரவால்ல. நான் இல்லாம ஒரு சுத்து போயிட்டு வந்தப்போ அவர் முகத்துல இருந்த சந்தோஷத்தப் பாத்தேன்.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அது பழுது பிடிபட்ட சந்தோஷம் என்று அவளுக்கு யார் சொல்வது? இருவருக்கும் வேறு வேறு ஷிப்டு. நிதானமாகப் பேச வாய்த்ததே அந்தக் காலைப் பயணம்தான், அதுவும் அவருடைய முதுகோடு. இப்போது அதுவும் இல்லை.

4

வண்டியை விற்றவருக்குப் போன் போட்டார்.

“சத்தமா? நான் ஓட்டின வரைக்கும் வந்ததே இல்லீங்க.”

பொய்யில்லை. அவருக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்ததே இல்லை. [இவருக்குத் தனிக்கதை எழுதலாம். பாவம், இப்போது நேரமில்லை.]

அப்புறம்தான் பட்டறை. சிரித்து ஓய்ந்த மெக்கானிக், பின்சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். “ஓட்டுங்க சார்.” தெருமுனைப் பள்ளத்தில் க்ரீச்.

“அநியாயமா அவங்க மேல பழியப் போட்டுட்டீங்களே சார்! பின்னாடி பாரம் ஏறினா வண்டி தாழுது, செயின் கவர்ல உரசுது. யார் உக்காந்தாலும் உரசும்.”

கவரைத் தட்டி நிமிர்த்தினார். சத்தம் போயிற்று. முற்றும் என்று எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். வண்டி சரியாகியிருந்தது, பின்சீட் காலியாகவே இருந்தது. முற்றும் என்பதை அடித்தேன்.

5

ஆகவே மறுநாள் காலை அவரைப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சொல்வதற்கு அவருக்கு நான் எழுதிக்கொடுத்தவை:

“சத்தம் உன்னால இல்ல, செயின் கவர்...” [அடித்துவிட்டேன். செயின் கவருக்காகவா அவள் பஸ்ஸில் போகிறாள்?]

“சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும், நீ ஏறு.” [கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழி அவள் தலையிலேயே நிற்கிறது.]

“நீ இல்லாம...” [அன்றைக்கும் இப்படித்தான் தொடங்கினார். அடித்துவிட்டேன்.]

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி நிற்கிறாள். அவர் இன்ஜினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். நிறுத்தத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். பஸ்ஸும் வந்து நின்றுவிட்டது.

என் கைச்சரக்கு தீர்ந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் என்றாவது யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் பேச்சு மறுபடி தொடங்கியிருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை இவருக்குக் கொடுங்கள். சீக்கிரம், அவள் படியில் காலை வைத்துவிட்டாள்.