வடக்கே தலை

"தலையை இந்தப் பக்கம் திருப்புங்கோ. மெதுவா" என்றாள் குருக்களின் மனைவி கனகாம்பாள்.

கட்டிலிலிருந்து தூக்கிய சோமசேகர குருக்களின் உடலை மகன் மௌலியும் அவன் பெரியப்பா பிள்ளைகளும் கூடத்துத் தரையில் இறக்கினார்கள். தர்ப்பையைப் பரப்பியிருந்த மகள் தர்மாம்பாள் எழுந்து வழிவிட்டாள். தலை தெற்கே, கால் வடக்கே. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது அப்பாவின் பாதத்தில் இன்னும் கொஞ்சம் சூடு இருப்பதுபோல அவளுக்குப் பட்டது.

விடிகிற நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. உச்சிகால பூஜைக்குள் எடுத்துவிட்டால் நல்லது என்று கோயிலிலிருந்து மூர்த்தி வந்து தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனான். தெருவில் பிணம் கிடக்கையில் பூஜை நடக்காது. அப்பாவே எத்தனையோ வீட்டு வாசலில் நின்று இதே தயக்கத்தோடு இதைச் சொல்லியிருக்கிறார்.

செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவள், எதிர்ச்சாரியில் பூட்டிக்கிடந்த பாத்திரக்கடை முன்னால் நசீருதீன் நிற்பதைப் பார்த்தாள். கூப்பிட வாயெடுத்தாள். பின்னால் மௌலி வந்து நின்றான். அவள் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

நசீருதீன் தேரடித் தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் எழுதிய 'மடைப்பள்ளி வாசல்' நாவல் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. ஒரு குருக்கள் குடும்பத்தின் கதை. அதைக் கல்லூரியில் பாடமாக வைத்த பிறகுதான் பேச்சு கிளம்பியது. ஆணியும் கீலும் விற்கிற சாயபுவுக்கு அர்த்தஜாமத்தில் கோயில் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்? கருவறைக்குள் இருக்கும் எண்ணெய் வாடையை யார் சொன்னது? ஊர் அதிகம் யோசிக்கவில்லை; குருக்களே எழுதிக் கொடுத்திருப்பார் என்று முடிவு கட்டியது. அந்த நாவலை ஊர் முதன்முதலில் கேட்டதே சோமசேகர குருக்களின் குரலில்தான்.

அந்த நாட்களில் கடையைப் பூட்டிக்கொண்டு நசீருதீன் எழுதிய தாள்களோடு வருவார். ரேழியில் அப்பா உட்கார்ந்து உரக்க வாசிப்பார். மந்திரம் சொல்லிப் பழகிய குரல். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். குரல் எங்கே தடுக்கியதோ அங்கே நசீருதீன் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். மறுநாள் அந்த இடம் மாறி வரும். கோயிலைப் பற்றி ஏதாவது கேட்டால் அப்பா சொல்வார். எழுத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. கிளை நூலகத்தில் அன்றைய வேலை முடிந்து வந்து, உள்ளே அரிசி களைந்தபடி தர்மாம்பாள் அந்த நாவல் முழுவதையும் கேட்டிருந்தாள்.

சென்ற மாசி மாதம் ஒரு இலக்கியக் கூட்டத்தில் மௌலி எழுந்து நின்று நசீருதீனைப் பார்த்தே கேட்டுவிட்டான். எங்கப்பா எழுத்தை வச்சு நீங்க பேர் வாங்கினது போதாதா என்று. அதன்பின் அவர் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா சாயங்காலமானால் வாசல் கதவைப் பார்த்துப் படுத்திருப்பார். பாய் வரலையா என்று கேட்பார். கடையில கூட்டம் ஜாஸ்தியாம் என்று கனகாம்பாள் சொல்வாள். சித்திரை வரை அதையேதான் சொன்னாள்.

வெயில் ஏறியபோது கல்லூரித் தமிழாசிரியர் தசரதன் மாலையோடு வந்தார். நாவலைப் பற்றி அந்தச் சந்தேகத்தை முதலில் பத்திரிகையில் எழுதியவர் அவர்தான். மாலையைப் போட்டுவிட்டு வெகுநேரம் கைகூப்பி நின்றார். பிறகு மௌலியோடு ரேழியில் தாழ்ந்த குரலில் பேசினார். வேலூர்ப் பத்திரிகைக்கு மதியத்துக்குள் போன் செய்து செய்தி கொடுக்க வேண்டுமாம். மௌலி தர்மாம்பாளைக் கூப்பிட்டான்.

"அக்கா, 'மடைப்பள்ளி வாசலை எழுதியவர்'னு போடச் சொல்லியிருக்கேன். வீட்ல இருந்து கேட்டவ நீதான். நீ ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

"அப்பா எழுதலைடா."

"சத்தமாப் பேசாதே." அவன் கண்கள் சிவந்திருந்தன. "ஆயுசு முழுக்க அடுத்தவா பேருக்கு அர்ச்சனை பண்ணினார். அவர் பேரை யாரு சொன்னா? ஒரு தடவை அச்சுல வரட்டுமே."

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. சில வாக்கியங்கள் அப்பா மூச்சு வாங்குகிற இடத்திலேயே வந்து நிற்பதைப் புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம் அவள் கண்டிருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். தலையாட்டினால்கூடப் போதும். எதிர்ச்சாரியில் நிற்கிறவர் மறுத்துப் பேசப்போவதில்லை.

"சங்கடப்படுத்தறேன்னு நெனைக்காதீங்கம்மா" என்றார் தசரதன். "குருக்கள் வீட்டுக்குள்ள பொறந்தவங்களுக்குத்தான் அப்படி எழுத வரும். அதான் நான் சொல்றது."

"அதுல பெரியவர் செத்துப்போற இடம் ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டாள் தர்மாம்பாள்.

"வருஷா வருஷம் பாடம் நடத்துறேனே."

"உடம்பைக் கீழே இறக்கற இடத்தைச் சொல்லுங்கோ."

அவர் யோசிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பில் சொல்கிற குரலில், ஆனால் மெதுவாகச் சொன்னார்: "'வடக்கே தலை வைத்து அவரைப் படுக்க வைத்தார்கள். மூத்தவன் அவர் முகத்தை மேற்கே திருப்பினான். கண்ணுக்குத் தெரியாத யாரையோ அவர் பார்க்கத் தொடங்கியதுபோல் இருந்தது.'"

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார். தர்மாம்பாள் கூடத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்த தெற்குச் சுவரோரம் அப்பாவின் தலை இருந்தது. முகம் கூரையைப் பார்த்திருந்தது.

மௌலிக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் சுவரில் சாய்ந்தான்.

"இது முஸ்லிம்கள் வழக்கம்" என்றார் தசரதன் தனக்குள் சொல்வதுபோல. "இறந்தவங்க மையத்தை அப்படித்தான் வைப்பாங்க. இத்தனை வருஷமா நான் இதை..." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா கவனிக்கலையா?" என்று கேட்டான் மௌலி.

"கவனிச்சார். அதை வாசிச்ச அன்னிக்கு பாய் மாமா போனதும் நானே கேட்டேன், நம்மாத்துல யாராவது வடக்கே தலை வைப்பாளா, சொல்லக் கூடாதான்னு." அப்பா பக்கம் திரும்பிச் சொன்னாள். "'அது அவன் அத்தா போனப்போ அவரைப் படுக்க வச்சதுடி. நான் வாசிக்கறச்சே அவன் அழறான். அதை எப்படி மாத்தச் சொல்றது'ன்னார்."

உள்ளே பெண்கள் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது. தசரதன் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"'முதல்ல வாசிச்சவர்'னு போடுங்கோ சார்" என்றான் மௌலி. "எழுதினவர் பேரையும் சேர்த்துப் போடுங்கோ."

பாடை கட்டியாயிற்று. வாய்க்கரிசி போட்டு எல்லாரும் விலகினார்கள். கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கிய மௌலி முன்னால் போகாமல் நின்றான். பின்னால் தூக்கியவர்களும் நின்றார்கள். நேரமாறதே என்று யாரோ முணுமுணுத்தார். புகை கண்ணில் பட, அவன் எதிர்ச்சாரியைப் பார்த்தான்.

"மாமா, வாங்கோ" என்றான். "அப்பா தினமும் கேட்டுண்டிருந்தார்."

நசீருதீன் அசையாமல் நின்றார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, தெருவைக் கடந்து வந்தார். பாடையின் பக்கத்தில் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மௌலி நடக்கத் தொடங்கினான். அவர் அவனுக்கு ஒரு எட்டுப் பின்னால் நடந்தார்.

பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். தெருமுனையில் கூட்டம் திரும்பி மறைந்தது. வீட்டு வேலை செய்கிற சந்திரம்மாள் சாணி கரைத்த வாளியோடு வந்து வாசலைக் கழுவ ஆரம்பித்தாள்.

காலையிலிருந்து அழாமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கனகாம்பாள் கேட்டாள்: "பாய் போனாரா?"

"போனார்மா."

"வெறுங்காலோடயா?"

"ம்."

கனகாம்பாள் வெயிலைப் பார்த்தாள். "அதை எடுத்து நிழல்ல வை. திரும்பி வந்து போட்டுக்கறச்சே சுடும்."

தர்மாம்பாள் தெருவைக் கடந்தாள். பாத்திரக்கடைப் படியோரம், நிழல் விலகிப்போன இடத்தில், குதிகால் தேய்ந்த அந்தத் தோல் செருப்புகள் கிடந்தன. குனிந்து இரண்டையும் கையில் எடுத்தாள். இதற்குள்ளேயே சூடேறியிருந்தன. கொண்டுவந்து ரேழியில், ஈரம் படாத இடமாகப் பார்த்து, வாசலை நோக்கித் திருப்பி வைத்தாள்.