ஜன்னலோரம் எழுதிய கருத்து

அந்தக் கருத்தை அவள் எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பேருந்தில் நின்றுகொண்டு. ஒரு கை மேல்கம்பியில், மறு கை கைப்பேசியில். ஓய்வூதிய அலுவலகத்தில் பதினொரு வருடமாக எழுத்தராக இருப்பவள். வாயைத் திறக்காதவள், வம்புக்குப் போகாதவள் என்று பெயர் எடுத்தவள். அன்றைக்கு மட்டும் தனக்கு என்ன வந்தது என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள்.

வந்தது காலையிலேயே வந்துவிட்டது. பள்ளிக்கூட ஆய்வகம் ஒன்றில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அவளுடைய ஜன்னலுக்கு முன்னால் நின்றார். ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும்; இல்லையென்றால் ஓய்வூதியம் நின்றுவிடும். முன்பெல்லாம் நேரில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு அரசாங்கம் அந்த வேலையைத் தனியார் நிறுவனம் ஒன்றின் செயலிக்குக் கொடுத்துவிட்டது. கைப்பேசியில் முகத்தைக் காட்டினால், பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு, ஆள் இருக்கிறார் என்று அதுவே பதிந்துகொள்ளும். பெரியவருக்குப் பல் முழுக்கப் போயிருந்தது. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை. ஒன்பது முறை முகத்தைக் காட்டியும் செயலி அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டது.

“நான்தாம்மா நிக்கிறேனே, உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“எனக்குத் தெரியுதுங்க ஐயா. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல.”

“அப்ப நீங்க அதுகிட்ட சொல்லுங்க.”

சொல்ல வழியில்லை. எழுத்தர்கள் நேரில் பார்த்துச் சரிபார்க்கும் வசதியையே கணினியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். பெரியவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு தன் முகத்தைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு போனார்.

மாலையில் பேருந்தில் செய்தித் தளத்தைத் திறந்தால், வணிகப் பக்கத்தில் அந்தச் செயலி நிறுவனத் தலைவரின் பேட்டி. ‘இனி முகமே சாவி’ என்று தலைப்பு. கீழே வாசகர்கள் வரிசைகட்டியிருந்தார்கள். ‘கோடிங் காளை’ என்பவர், டெக்னாலஜி தெரியாத தற்குறிகள்தான் குறை சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். ‘வரிகட்டுபவன்’ என்பவருக்குப் போலி ஓய்வூதியக்காரர்கள் ஒழிந்ததில் பரம திருப்தி. அவள் ‘ஜன்னலோரம்’ என்று ஒரு பெயர் வைத்துக் கணக்குத் தொடங்கினாள். எழுதினாள்.

‘சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரச் செயலி. நான்கே மாதத்தில் இருநூற்றுப் பதினொரு பேரை உயிரோடு இருக்கும்போதே சாகடித்துக் காட்டியிருக்கிறது. அவர்கள் தினமும் வந்து எங்கள் முன்னால் நிற்கிறார்கள். நாங்கள் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பது உத்தரவு.’

அவ்வளவுதான். இறங்கும் இடம் வந்தது, இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை அவளுடைய கணவன் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தான். அவன் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டுப் பதினான்கு மாதம் வீட்டில் இருந்தவன். மூன்று வாரத்துக்கு முன்புதான் வேலை கிடைத்திருந்தது. அதே செயலி நிறுவனத்தின் உதவி எண்ணில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ‘வெளிச்சமான இடத்தில் நின்று மீண்டும் முயற்சி செய்யுங்கள்’ என்று நாள் முழுக்கச் சொல்லும் வேலை.

“இங்க பாரேன், எவனோ எங்க கம்பெனிய வாரு வாருன்னு வாரியிருக்கான். நாலாயிரம் லைக். ‘வாசகர் தேர்வு’ன்னு மேல தூக்கி வச்சிருக்காங்க.”

“யாராம்?” என்றாள். அவன் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

“யாரோ ஜன்னலோரமாம். மாட்டினான்னா ஜன்னல் கம்பிய எண்ண வேண்டியதுதான்.” மறுபடியும் சிரித்தான்.

செய்தித் தளம் அதோடு விடவில்லை. அந்தக் கருத்தையே ஒரு செய்தியாக்கி, ‘யார் இந்த இருநூற்றுப் பதினொரு பேர்?’ என்று கேட்டது. வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி, அதட்டாமல் பேசுகிறவர். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

இருநூற்றுப் பதினொன்று என்ற எண், செயலியால் ஓய்வூதியம் நின்றுபோனவர்களின் பட்டியல் ஒன்றில் மட்டும்தான் இருந்தது. அதைத் தயாரித்தவள் அவள். சரிபார்த்தவர் பக்கத்து மேசைக்காரர். கையெழுத்துப் போட்டவர் கண்காணிப்பாளர். விசாரிக்க மூன்றே பேர்.

பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் ‘கமா சார்’ என்பார்கள். யார் எந்தக் கோப்பை அனுப்பினாலும் அதில் எங்காவது ஒரு கமா சேர்க்காமல் திருப்பித் தர மாட்டார். முப்பத்து நான்கு வருட சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தார். அங்கே டிவி ரிமோட் தன் கைக்கு வந்ததே இல்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எதைப் பற்றிப் பேசினாலும் ‘சும்மா சொல்லக்கூடாது’ என்றுதான் ஆரம்பிப்பார். பதினொரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்ததில் அது அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதும்போது அது அவருடைய பேச்சு என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

தன் முறை வருவதற்கு முன்னால் அவள் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ‘உங்கள் கணக்கை நிரந்தரமாக நீக்க விரும்புகிறீர்களா?’ என்று தளம் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். கருத்து போகவில்லை. பெயர் மட்டும் மாறி ‘முன்னாள் வாசகர்’ என்று ஆனது. தளத்திலிருந்து வந்திருந்த மின்னஞ்சலையும் அழித்தாள். முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

“செய்தியெல்லாம் படிப்பீங்களா?” அதிகாரி கேட்டார்.

“தலைப்பு மட்டும் பார்ப்பேன் மேடம். வீட்டு வேலைக்கே நேரம் சரியா இருக்கு.”

“இந்த ‘சும்மா சொல்லக்கூடாது’ங்கிற பேச்சு, இங்க யாருக்காவது வழக்கமா?”

 தன் விசாரணையை முடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் முந்திக்கொண்டார். “இதைக் கேக்கணுமா மேடம்? எங்க கமா சாருக்கு அது இல்லாம வாயே திறக்காது.”

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றது.

“சரி, நீங்க போகலாம்.”

கமா சார் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகத்தில் பயம் இல்லை. எப்படியோ ஒரு தெளிவு இருந்தது. தன் மேசையில் உட்கார்ந்து, கோப்பை எடுத்துப் பிரித்தார். அரை மணி நேரத்தில் அலுவலகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: அவரே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

 எழுதாத ஒன்றை எழுதியதாக ஒரு மனுஷன் எதற்காக ஒப்புக்கொள்ள வேண்டும்?

அடுத்த வாரம் அவரைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். போகும்போது தபால் பிரிவு அம்மா எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அதுவரை அவரைக் கண்டால் ‘கமா வருது, முற்றுப்புள்ளி வை’ என்று கிண்டல் செய்தவள். வரிசையில் நின்ற ஓய்வு பெற்றவர்கள் யாரோ சொல்லக் கேட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கமா சார் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் மதிய இடைவேளையில் கீழே இறங்கினாள். தூசு மணக்கும் அறை. அலமாரிகளுக்கு நடுவே ஒரே ஒரு குழல்விளக்கு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. தங்கச்சி வீட்ல என்ன நடக்குது தெரியுமா? மாப்பிள்ளை என்னைக் கேக்காம நியூஸ் சேனல் மாத்துறதில்ல. ‘நீங்க என்ன சொல்றீங்க’ன்னு என் அபிப்பிராயம் கேக்குறாரு.”

“சார், நான் ஒண்ணு சொல்லணும்.”

“அந்த வரி எப்படி வந்துச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. பார்க்ல உக்காந்திருந்தேன். எதிர்ல ஒரு கிழவர். திடீர்னு மனசுல பட்டுச்சு, உயிரோட இருக்கும்போதே சாகடிக்கிறாங்கன்னு. கை தானா எழுதிடுச்சு.”

அவருடைய கண்கள் மினுங்கின. பேருந்து நெரிசலில் அவள் ஒற்றைக் கட்டைவிரலால் தட்டிய வரிகளை அவர் தன் வாயால் ஒருமுறை சொல்லிக் காட்டினார். ஒரு கமா கூடுதலாக.  அவள் வந்த விஷயத்தைச் சொல்லாமலே படியேறினாள். ஏறும்போது மனதுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நிம்மதி பத்து நாள்தான் தாங்கியது. அரசாங்க ரகசியத்தை வெளியிட்டதற்காக அவரைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரை போகிறது என்று தெரிந்தது. பணிநீக்கம் என்றால் ஓய்வூதியமும் கிடையாது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு ஓய்வூதியம் எழுதியவருக்கு!

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

“நீயா?”

“ஆமா.”

“நானே லைக் போட்டேனேடி அதுக்கு.” கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “சொன்னா உன் வேலை போயிடும். என் பொண்டாட்டின்னு தெரிஞ்சா என் வேலையும் போயிடும். நம்ம பொண்ணுக்குக் காலேஜ்ல இது கடைசி வருஷம்” என்றான்.

“சொல்லாம இருந்தா?”

அவன் கழற்றிய பொத்தானை மறுபடியும் போட்டான். “போகாதேன்னு சொல்ல மாட்டேன். போன்னும் என்னால சொல்ல முடியல” என்றான்.

மறுநாள் அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். விசாரணை அதிகாரி கோப்பை மூடிவைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். 

“ஆதாரம் இருக்கா?”

“என் போன்ல...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். கணக்கு இல்லை. மின்னஞ்சல் இல்லை. எல்லாவற்றையும் அவளே தன் கையால் துடைத்திருந்தாள். செய்தித் தளம் யாருடைய விவரத்தையும் தர முடியாது என்று முன்பே எழுதிவிட்டது. “அழிச்சிட்டேன் மேடம்.”

“அவர் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. மூணு பக்கம். பார்க், கிழவர் எல்லாம் அதுல இருக்கு.” அதிகாரி வேறு வேலையாக அங்கே வரவழைக்கப்பட்டிருந்த கமா சாரை உள்ளே கூப்பிட்டார். “இவங்க, எழுதினது தான்தான்னு சொல்றாங்க.”

கமா சார் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “என் மேல மரியாதை வச்சிருக்கிற பொண்ணு மேடம். என்னைக் காப்பாத்தப் பாக்குது. இதுக்கெல்லாம் அவ்வளவு தைரியம் கிடையாது.”

“அப்படித்தான் எனக்கும் தோணுது” என்றார் அதிகாரி. அவளிடம் கொஞ்சம் கனிவாகவே சொன்னார்: “நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நான் முதல்ல கேட்டப்ப தலைப்பு மட்டும் பார்ப்பேன்னு சொன்னீங்க. இப்ப இதைப் பதிவு பண்ணினா ரெண்டு பேர் மேலயும் பொய் சொன்ன குற்றம் வரும். போயிட்டு வாங்க.”

வெளியே நீண்ட நடைவழி. லிப்ட் வரக் காத்திருந்தபோது அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “சார், ஏன் இப்படி? ஓய்வூதியமே போயிடும். இன்னும் ஒருதரம் உள்ள போய்ச் சொல்லலாம் வாங்க.”

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அந்த முகத்தில் அவள் முதல்முறையாகக் கோபத்தைப் பார்த்தாள்.

“நீதான்னு எனக்கு முதல் நாளே தெரியும். முப்பத்திநாலு வருஷம். நான் எழுதினதுன்னு யாரும் எதையும் படிச்சதில்ல, அடுத்தவன் எழுதினதுல கமா போட்டதோட சரி. இப்பதான் ஒண்ணு கிடைச்சிருக்கு. அதையும் திருப்பி எடுத்துக்கணுமா உனக்கு?”

லிப்ட் வந்தது. அவர் மட்டும் ஏறிக்கொண்டார். அவள் படிக்கட்டில் இறங்கினாள்.

முடிவில் பணிநீக்கம் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் கூட்டமாக வந்து மனு கொடுத்ததில், கட்டாய ஓய்வு, பாதி ஓய்வூதியம் என்று முடித்தார்கள். அந்த இருநூற்றுப் பதினொரு பேரையும் நேரில் சரிபார்க்க மறு உத்தரவு வரும்வரை அனுமதி கிடைத்தது. அமைச்சர் அதைச் சீர்திருத்தம் என்று அறிவித்தார். வாசகர்கள் அதற்கும் இரண்டாகப் பிரிந்து திட்டிக்கொண்டார்கள். கமா சார் அந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை. அவள் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டாள். தங்கைதான் எடுத்தாள். “அண்ணன் ஓய்வூதியக்காரங்க கூட்டத்துல பேசப் போயிருக்காரு” என்று பெருமையாகச் சொன்னாள்.

மாதக் கடைசியில் கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டு ஒரு ஆணையை நீட்டினார். செய்தித் தளங்களில் துறையைப் பற்றி வரும் வாசகர் கருத்துகளைத் தினமும் படித்து, அரசு ஊழியர் எழுதியதாகச் சந்தேகம் வருபவற்றைப் பட்டியலிட ஒரு புதிய பொறுப்பு.

“மேலிடத்துல உன் பேரைத்தான் சொன்னாங்க. அந்த மேடமே. கணக்கு, பேரு, அழிக்கிறது எல்லாம் உனக்கு நல்லாத் தெரியுமாமே?”

மறுக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது இன்னொரு கேள்வியில் போய் முடியும். ஆணையை வாங்கிக்கொண்டாள்.

முதல் மூன்று வாரமும் பட்டியலில் ‘ஏதுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். நான்காவது வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து பெயர்கள் இருக்க வேண்டுமாம். படிவத்திலேயே ஐந்து கோடுகள் அச்சடித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தளத்தைத் திறந்தாள். அரசு மருத்துவமனைகளில் ஊழியர் வருகையைக் கட்டைவிரல் ரேகையால் பதிவு செய்ய ஒரு புதிய செயலி வருகிறது என்று செய்தி. கீழே எண்பத்தாறு கருத்துகள். வாழ்த்து, வசவு, வாய்க்கால் தகராறு. நடுவே யாரோ எழுதியிருந்தார்கள்: ‘நான் பிரசவ வார்டில் வேலை செய்கிறேன். பெயர் சொல்ல முடியாது. ஒரு குழந்தை வெளியே வந்துகொண்டிருக்கும்போது எப்படி இரண்டு கையையும் கழுவிவிட்டு ஓடிப்போய்க் கட்டைவிரலை வைப்பது?’

அதை அவள் இரண்டு முறை படித்தாள். எந்த மருத்துவமனை, எத்தனை பேர் வேலை செய்யும் வார்டு, யாராக இருக்கும் என்று மனது தன்னால் கணக்குப் போடத் தொடங்கியதைக் கவனித்து, திரையை மேலே தள்ளினாள். அடுத்த கருத்து. அதற்கடுத்தது. பதினொன்றரை ஆகியிருந்தது. ஐந்து கோடுகளும் காலியாகவே இருந்தன. பன்னிரண்டுக்குக் கண்காணிப்பாளர் படிவத்தை வாங்க வருவார்.