பொட்டு வைத்த தகடுகள்

வாளையார் நெடுஞ்சாலையோரம் குடியிருக்கும் செல்வப்பிரியாவுக்கு மயில்சாமி என்ற பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். எரியாதா பின்னே? லாரி இரைச்சலைத் தடுக்கிறேன் என்று சாலை நெடுக இரும்புத் தகடு நிறுத்திய காண்ட்ராக்டர் அவன். ஒவ்வொரு தகட்டின் உட்புறமும் அதிர்வை அடக்கும் பாலிமர் பூச்சு பூச வேண்டும். பாதிக்கு மேல் பூசாமலே மூடிவிட்டான், படுபாவி! லாரி போகும்போதெல்லாம் வெறுந்தகடு அண்டாவைத் தட்டியது போல் அதிர்ந்தது. இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்க வேண்டிய அவள் புருஷன் கந்தப்பனுக்குத் தூக்கமே இல்லாமல் போனது. ஒருநாள் ஓட்டும்போதே கண் அசந்து புளியமரத்தில் மோதினான். வலது கால் போயிற்று.

நியாயம் கேட்கப் போனவளிடம், "உம்பட ஊட்டுக்காரன் குடிச்சுப்போட்டு ஓட்டுனதுக்கு நானா பொறுப்பு?" என்று சிரித்தான் மயில்சாமி. ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷனைப் பற்றி! அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் விடுவதில்லை என்று அவள் அன்றே முடிவு செய்தாள்.

ஆயுத பூஜையன்று மயில்சாமி தகடுகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். எல்லாவற்றுக்கும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. இதென்ன கூத்து என்று கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தாள் செல்வப்பிரியா. பொட்டு வைத்தது தொப்பென்றது, வைக்காதது கணீரென்றது. மறுநாள் சோதனைக்கு வரும் இன்ஜினியருக்கு எதைக் காட்டுவது என்று அடையாளம் போட்டிருக்கிறான், திருட்டுப் பயல்! அவன் போனதும் ஈரத்துணியால் அத்தனையையும் துடைத்தாள். தன் வீட்டெதிரே அலறும் தகடுகளுக்குப் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் மலையாளி இன்ஜினியர் ஜின்சி சுத்தியலோடு வந்து இறங்கினார்.

"பூஜை போட்டதுல தட்டுங்க மேடம், ராசியா இருக்குமுங்க," என்று குழைந்தான் மயில்சாமி.

கணீர்! அடுத்ததும் கணீர்! மயில்சாமி பேயறைந்தவன் போல் நின்றான்.

"இதெந்தா மயில்சாமி? எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லு. இனி உனக்கு இங்க வேலை இல்லை," என்றார் ஜின்சி.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவளைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. ஓடி வந்தான்.

"ஏனம்மிணி, எம்பட பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டயே!"

"ஆமாங்க, நாந்தானுங்க போட்டேன். மேடம் அங்கதான நிக்கறாங்க? பொட்டை மாத்தி வெச்சுட்டாங்கன்னு போய்ச் சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னால் அடையாளம் போட்டதை அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆத்திரத்தில் மறுபடி கத்தத் தொடங்கினான்.

செல்வப்பிரியா கையை உயர்த்தினாள். "மெதுவாப் பேசுங்க. காலு போன மனுசன் இப்பத்தான் கண்ணசந்திருக்காரு."